ஜப்பானில் ஓர் எழுதாத சாஸ்திரம்

நம் நாட்டு முதலாளிமார்களுக்கும், அவர்களுக்குப் பின்பாட்டுப் பாடுகின்ற படித்த கூட்டத்தாருக்கும் ஜப்பான் என்றால் ஒரு தனிப்பக்தி உண்டு. "ஜப்பான்காரனைப் பார், அவன் கடிகாரத்தைப் பார்த்தா வேலை செய்கின்றான்? கூலிக் கணக்குப் பார்த்தா வேலை செய்கின்றான்?" என்று கேட்பது அவர்களது வழக்கம். 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இன்போசிஸ் கம்பெனியை ஏற்படுத்தியவர்களில் ஒருவரான திரு. நாராயணமூர்த்தி, நமது வாலிபர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்று சொன்னபோதும், இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் ஜெர்மானியரும் ஜப்பானியரும் உழைத்ததைத்தான் சாட்சிக்கு அழைத்தார். சாட்சிக்கு அழைக்கப்பட்டவனைக் குறுக்கு விசாரணை செய்வதில் தப்பொன்றும் இல்லை. ஆகவே அந்த ஜப்பானில், ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கின்ற ஒரு மனிதனுடைய நிலைமை என்ன, அவன் தன் மனமொப்பித்தான் உழைக்கின்றானா, இல்லை வேறு எதற்காவது பயந்து உழைக்கின்றானா என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

சட்டம் சொல்லுவது

ஜப்பானில் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். யுத்தம் முடிந்த பின் 1947-லேயே அங்குத் தொழிலாளர் சட்டம் ஒன்று ஏற்பட்டது. இன்றைய நிலையில் அச்சட்டப்படி ஒரு நாளைக்கு வேலை 8 மணி நேரம். வாரத்திற்கு 40 மணி நேரம். இதற்குமேல் ஓவர்டைம் வாங்க வேண்டுமானால், அதன் 36-வது பிரிவின்படி, தொழிற்சங்கத்துடனோ, சங்கமில்லாத இடத்தில் பெரும்பான்மைத் தொழிலாளரின் பிரதிநிதியுடனோ முதலாளி எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து சர்க்காரில் தாக்கல் செய்ய வேண்டும். ஓவர்டைமுக்கு 100-க்கு 25 வீதமும், மாதத்தில் 60 மணிக்கு மேற்பட்டதற்கு 100-க்கு 50 வீதமும் கூலி கூட்டித் தர வேண்டும். 2018-ல் சட்டத்தைத் திருத்தி, ஓவர்டைம் பொதுவாக மாதத்திற்கு 45 மணிக்கும் வருஷத்திற்கு 360 மணிக்கும் மேற்படக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். இது பெரிய கம்பெனிகளுக்கு 2019-லும் சிறிய கம்பெனிகளுக்கு 2020-லும் அமுலுக்கு வந்தது. மீறினால் தண்டனையும் உண்டு.

காகிதத்தில் பார்த்தால் இவை யோக்கியமான ஏற்பாடுகளாகவே தோன்றும். ஆனால் சட்டம் ஒரு பக்கமும் வழக்கம் ஒரு பக்கமுமாக இழுப்பது நம் நாட்டில் மட்டும் நடக்கின்ற அதிசயமல்ல. ஜப்பான் ஆபீசில் இந்தச் சட்டத்திற்கு மேலே இன்னொரு சட்டம் உட்கார்ந்திருக்கின்றது. அதை எந்த மந்திரியும் கையெழுத்திட்டு வெளியிடவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது அச்சாகவில்லை. எந்த மேலதிகாரியும் அதை வாய்விட்டுச் சொல்லுவதில்லை. ஆயினும் அதை மீறத் துணிகின்றவர்கள் வெகு சிலரே.

கொசுறாகப் போன வாழ்வு

சாயங்காலம் ஆபீசு முடிகின்ற நேரம் வருகின்றது. கையிலிருந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் குமாஸ்தா எழுந்திருப்பதில்லை. ஏனென்றால் அவனுக்கு மேலே உள்ளவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு மேலே உள்ளவனும் எழுந்திருக்கவில்லை. "இரு" என்று ஒருவனும் சொல்லவில்லை. "போ" என்றும் ஒருவனும் சொல்லவில்லை. ஆகவே எல்லோரும் உட்கார்ந்திருக்கின்றார்கள். இதற்கு அந்நாட்டு மொழியில் "துகியாய் சங்க்யோ" என்று பெயர். மற்றவர்களுக்காகத் துணை இருக்கின்ற ஓவர்டைம் என்பது இதன் பொருள். கடைசியில் ஒருவன் துணிந்து எழுந்து போகின்றபோது சும்மா போய்விட முடியாது. "உங்களுக்கு முன்னால் கிளம்புகின்ற மரியாதைக் குறைவைச் செய்கின்றேன்" என்ற பொருளுள்ள ஒரு வாசகத்தைச் சொல்லித் தலை குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். நாளெல்லாம் உழைத்தவன், தன் வீட்டுக்குத் தான் போவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகின்றான் என்றால், இதை மரியாதை என்று சொல்லுவதா, மானக்கேடு என்று சொல்லுவதா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இப்படி இருந்த நேரத்திற்கெல்லாம் கூலி உண்டா என்றால், பெரும்பாலும் கணக்கில் ஏறுவதே இல்லை. கூலியில்லாத இந்த ஓவர்டைமுக்கு "சாபிசு சங்க்யோ" என்று பெயர். "சர்வீஸ்" என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் ஜப்பானியர் "சாபிசு" என்கின்றார்கள். அங்குக் கடைக்காரன் சாமானுக்கு மேலே காசு வாங்காமல் சேர்த்துக் கொடுக்கின்றதற்கும் "சாபிசு" என்றே பெயர். நம் ஊர்க் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் வாங்கினவனுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறு போடுவதில்லையா, அது போன்றது. இங்கே கொசுறாகப் போவது கறிவேப்பிலை அல்ல. ஒரு மனிதனுடைய சாயங்காலமும் இராத்திரியும், அவன் குழந்தை விழித்திருக்கின்ற நேரமுமாகும். சர்க்கார் கெடுபிடி செய்து ஆபீசு விளக்கை அணைக்கச் சொன்னால், வேலையை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகின்றார்கள். அதற்கும் ஒரு பெயர் இருக்கின்றது: மூட்டை கட்டுகின்ற துணியின் பெயரால் "புரோஷிகி சங்க்யோ", அதாவது மூட்டை ஓவர்டைம். ஒரு கொடுமைக்கு இத்தனை பெயர் வைக்கும்படியாக அது வேர்விட்டிருக்கின்றது.

குடியும் ஒரு சடங்கு

ஆபீசை விட்டு வெளியே வந்தாலாவது விடுதலையா என்றால், அதுவும் இல்லை. "நொமிகாய்" என்கின்ற குடிக்கூட்டம் ஒன்று காத்திருக்கின்றது. புதிதாக ஒருவன் சேர்ந்தால் ஒரு கூட்டம். ஒருவன் மாற்றலாகிப் போனால் ஒரு கூட்டம். வருஷக் கடைசியில் வருஷத்தை மறக்க "போனென்காய்" என்றொரு கூட்டம். வருஷப் பிறப்பில் மற்றொரு கூட்டம். வருவது அவரவர் இஷ்டம் என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் வராதவனை எல்லோரும் ஞாபகம் வைத்துக் கொள்ளுவார்கள்.

நாம் இங்கே குடிப்பது நல்லதா கெட்டதா என்ற தர்க்கத்தைக் கிளப்பவில்லை. ஒருவன் தன் காசில், தன் நேரத்தில், தனக்குப் பிடித்தவர்களோடு என்ன செய்தாலும் அது அவன் காரியம். ஆனால் இந்தக் கூட்டத்தில் நடப்பதைப் பாருங்கள். கதவுக்கு வெகு தூரத்தில் உள்ள இடம் பெரிய அதிகாரிக்கு. கதவை ஒட்டிய இடம் சின்னவனுக்கு. பெரியவர் கிண்ணம் காலியாகுமுன் சின்னவன் பார்த்து ஊற்ற வேண்டும். கிண்ணத்தோடு கிண்ணம் தட்டும்போது சின்னவனுடைய கிண்ணம் பெரியவருடைய கிண்ணத்திற்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஏற்பாடு செய்வது, ஆள் கணக்கெடுப்பது, பணம் வசூல் செய்வது எல்லாம் வயதில் இளையவன் தலையில். முதல் கடை முடிந்தால் "நிஜிகாய்" என்று இரண்டாவது கடை. அதற்கப்புறம் மூன்றாவது கடை. கடைசி ரயிலை விட்டவன் இராத்தங்குவதற்கென்றே, ஆளொன்றுக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் அடுக்கிய ஓட்டல் 1979-ல் ஒசாகா நகரத்தில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. பல கூட்டங்களில் இந்தச் சடங்குக்கு ஆகின்ற செலவிலும் அவனவன் பங்கை அவனவனே கொடுக்கின்றான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில கூட்டங்களில் அதிகாரி எழுந்து, "இன்று புரெய்கோ" என்று அறிவிப்பார். இன்று ஒருநாள் பெரியவன் சின்னவன் என்ற பேதமில்லை, மனம்விட்டுப் பேசலாம் என்று அதற்குப் பொருள். அதை நம்பி மனம்விட்டுப் பேசிவிடக் கூடாது என்பது கூட்டத்திலுள்ள ஒவ்வொருவனுக்கும் தெரியும். சாமிக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொண்டே, கருவறை வாசலில் ஆளுக்கேற்ற எல்லை வகுக்கின்ற கதையை அறிந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல.

அன்றியும், ஜப்பானியரில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே மதுவைச் சரியாகச் செரிக்கின்ற சக்தி குறைவு. கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். உடம்பு வேண்டாம் என்கின்றது. சடங்கு வேண்டும் என்கின்றது. உடம்பு சொல்லுவதைத் தள்ளிச் சடங்கு சொல்லுவதைக் கேட்பதற்குத்தான் நாம் மூடநம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கின்றோம்.

உயிர்ப் பலி

இவையெல்லாம் ஏதோ ஊர்ப் பழக்கம், நமக்கென்ன என்று சிரித்துவிட்டுப் போகலாமா என்றால், போக முடியாது. வேலையால் சாவது என்பதற்கு "கரோஷி" என்று ஒரு தனிச் சொல்லையே உண்டாக்கிக் கொண்ட நாடு அது. 1988-ல் வக்கீல்கள் சிலர் கூடி, இப்படி இறந்தவர்களின் குடும்பத்தாருக்காக டெலிபோன் ஆலோசனை தொடங்கினார்கள். கடைசி ஒரு மாதத்தில் 100 மணி, அல்லது இரண்டு முதல் ஆறு மாதங்களில் சராசரி மாதம் 80 மணி ஓவர்டைம் செய்தவன் மூளை இரத்தக் குழாய் வெடித்தோ இருதயம் நின்றோ இறந்தால், அதற்கு வேலையே காரணம் என்று சர்க்காரே கணக்கு வைத்திருக்கின்றது. இப்போது 2018-ஆம் வருஷச் சட்டத்தைத் திரும்பப் பாருங்கள். விசேஷக் காலங்களில் ஒரு மாதத்தில் 100 மணிக்குள்ளும், பல மாதச் சராசரியில் 80 மணிக்குள்ளும் ஓவர்டைம் வாங்கலாம் என்று அதே சட்டம் விலக்கும் கொடுத்திருக்கின்றது. அதாவது சாவு என்று கோடு கிழித்த இடம் வரையில் வேலை வாங்கலாம். கோட்டைத் தாண்டக் கூடாது.

டோக்கியோவில் டென்ட்சு என்று பிரசித்தி பெற்ற விளம்பரக் கம்பெனி ஒன்று உண்டு. 1991-ல் அங்கு வேலை பார்த்த 24 வயது வாலிபர் ஒருவர் ஓய்வில்லாத உழைப்பால் மனம் முறிந்து தம் உயிரை மாய்த்துக் கொண்டார். பெற்றோர் போராடினார்கள். 2000-ஆம் வருஷத்தில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, இதற்குக் கம்பெனி பொறுப்பு என்று தீர்ப்புச் செய்தது. தீர்ப்பு வந்து 15 வருஷம் கழித்து, 2015 டிசம்பர் 25-ந் தேதி, அதே கம்பெனியில், அதே 24 வயதில், ஓர் இளம்பெண் அதே முடிவைத் தேடிக்கொண்டார். அவர் மாதத்தில் 70 மணிக்குக் குறைவாகவே ஓவர்டைம் செய்ததாகக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. சர்க்கார் விசாரித்ததில் 105 மணி என்று தெரிந்தது. 2017-ல் கம்பெனிக்குக் கோர்ட்டார் விதித்த அபராதம் 5 லட்சம் யென். கணக்கில் எழுதாமல் விட்ட அந்த மணிகளை அவர் கையாலேயே குறைத்து எழுத வைத்தது எது? எந்தச் சட்டம்? எழுதாத சாஸ்திரமே அல்லவா?

மற்றொரு வழக்கையும் சொல்ல வேண்டும். புகுவோகா மாகாணத்தில், 2010 டிசம்பரில், ஒரு சிறு கம்பெனிச் சிப்பந்தி மறுநாள் கொடுக்க வேண்டிய அவசர வேலையில் இருந்தார். அன்றிரவு சீனாவிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களுக்காக ஒரு விருந்து. வேலையிருக்கின்றது, வரமுடியாது என்றார். மேலதிகாரி, வந்துவிட்டுப் போ, பிறகு நானும் சேர்ந்து அந்த வேலையைப் பார்க்கின்றேன் என்றார். போனார், மது தொடவில்லை, குடித்திருந்த பயிற்சியாளர்களை அவர்கள் தங்குமிடத்தில் விட்டுவிட்டு ஆலைக்கே திரும்பி வேலை பார்க்கலாமென்று காரோட்டிப் போகையில் லாரியில் மோதி இறந்தார். விருந்து சொந்தக் காரியம், வேலையல்ல என்று சர்க்கார் அதிகாரி கையை விரித்தார். கீழ்க் கோர்ட்டும் மேல் கோர்ட்டும் அப்படியே சொல்லின. 2016 ஜூலை 8-ந் தேதிதான் சுப்ரீம் கோர்ட்டு, அந்த மனிதன் கம்பெனிக் காரியமாகவே இறந்தான் என்று ஒப்புக்கொண்டது. போகச் சொல்லும்போது அது கடமை. செத்தபின் பணம் கேட்டால் அது சொந்தக் காரியம் என்பதை ஒரு விதவை பல வருஷம் கோர்ட்டுப் படி ஏறிப் பொய்யாக்க வேண்டியிருந்தது.

பரம்பரைக் குணம் என்னும் புரட்டு

இவ்வளவையும் சொன்னால் பண்டிதர்கள், "அது ஜப்பானியரின் பரம்பரைக் குணம், அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்பார்கள். இது சுத்தப் பொய். 1857 முதல் 1859 வரையில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுத்த கட்டெண்டைக் என்ற டச்சு அதிகாரி, ஜப்பானியர் நேரம் என்பதையே பொருட்படுத்துவதில்லை, அவ்வளவு மெத்தனமானவர்கள் என்று குறைப்பட்டு எழுதி வைத்திருக்கின்றார். ஜனங்களுக்கு நேரப் புத்தி கற்பிக்க வேண்டி, 1920-ல் ஜூன் 10-ந் தேதியை நேரத் திருநாள் என்று ஏற்படுத்தினார்கள். இரத்தத்தில் ஊறியிருந்தால் திருநாள் வைத்துக் கற்பிப்பானேன்? ஆலைத் தொழில் தொடங்கிய காலத்தில் தொழிலாளிகள் ஆலைக்கு ஆலை மாறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே கம்பெனியில் சேர்ந்து அங்கேயே கிழவனாவது என்ற ஏற்பாடு 20-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டு, யுத்தத்திற்குப் பின்தான் பெரிய கம்பெனிகளில் வேரூன்றியது.

அந்த ஏற்பாட்டின் லாபக் கணக்கைப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். வேலை அதிகமாகும்போது புது ஆள் வைத்தால், பின்னால் வேலை குறையும்போது அவனை நீக்குவது சிரமம். ஆகவே இருப்பவனையே நீட்டி வேலை வாங்குவது லாபம். ஓவர்டைம் கூலிக்கு அடிப்படையாக எடுக்கின்ற சம்பளத்தில் போனசு சேராது என்பதால், கூட்டிக் கொடுத்தாலும் அது மலிவு. கொடுக்காமலே வாங்கினால் அதைவிட மலிவு. இன்னது உன் வேலை என்று வரையறுத்துக் கொடுப்பதில்லை. ஆகவே இன்றைய வேலை முடிந்தது என்று சொல்லவும் வழியில்லை. சம்பள உயர்வுக்கு வேலையின் அளவோடு "மனப்பான்மை"யும் பார்க்கப்படும் என்றால், இரவு 9 மணி வரையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர மனப்பான்மையை எப்படிக் காட்டுவது? இவ்வளவு தெளிவான வரவு செலவை மறைப்பதற்குத்தான் "பண்பாடு" என்ற பட்டுத்துணி போர்த்தப்படுகின்றது.

இந்தத் துணிக்கு அடியில் நசுங்குகின்றவர்களில் முதலாவது பெண்கள். 1985-ல் உத்தியோகத்தில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம் செய்தார்கள். உடனே பல கம்பெனிகள், உயர்ந்த பதவிக்குப் போகின்ற பாதை ஒன்று, சாதாரணப் பாதை ஒன்று என்று இரண்டு வகுத்தன. முதற் பாதைக்கு, எந்நேரமும் இருக்கக் கூடியவனும் எவ்வூருக்கும் மாறக் கூடியவனுமே தகுதி. வீட்டில் குழந்தை உள்ள பெண் இராத்திரி மூன்றாவது கடைக்குப் போக முடியுமா? 2021-ஆம் வருஷச் சர்க்கார் கணக்குப்படி, ஆறு வயதிற்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டில் வீட்டுவேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் புருஷன் செலவிடுவது நாளொன்றுக்கு 1 மணி 54 நிமிஷம். மனைவி செலவிடுவது 7 மணி 28 நிமிஷம். அவன் ஆபீசில் கொசுறு கொடுக்கின்றான். அதற்கு ஈடாக அவள் வீட்டில் கொசுறு கொடுக்கின்றாள். முதலாளிக்கு ஒரு சம்பளத்தில் இரண்டு ஆள் கிடைக்கின்றார்கள்.

காற்றின் கட்டளை

யாரும் உத்தரவிடாத காரியத்தை எல்லோரும் செய்வானேன் என்று கேட்டால், ஜப்பானியர் "கூகி" என்பார்கள். கூகி என்றால் காற்று. அதாவது கூடியிருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்படுகின்ற ஒரு சூழ்நிலை. அதை அறிந்து நடப்பதைக் காற்றைப் படிப்பது என்பார்கள், அறியாதவன் மடையன். 1977-ல் யாமமோட்டோ ஷிச்சிஹெய் என்பவர் இந்தக் காற்றைப் பற்றியே ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். 1945 ஏப்ரலில், விமானத் துணையின்றி யாமாட்டோ என்ற பெரிய போர்க்கப்பலை அனுப்பினால் அது மூழ்கும் என்று விஷயம் தெரிந்த அதிகாரிகள் அறிந்திருந்தும் அனுப்பினார்களே, அதற்குக் காரணம் அப்போதிருந்த காற்றுத்தான் என்று அதில் எடுத்துக் காட்டினார். ஏறக்குறைய 3000 பேர் அக்கப்பலோடு மூழ்கினார்கள். போர்க்கப்பலை மூழ்கடித்த காற்று, ஒரு குமாஸ்தாவை நாற்காலியில் கட்டிப்போடுவதா பெரிய காரியம்?

மனுதர்மத்திற்காவது ஒரு புத்தகம் இருக்கின்றது. எடுத்துப் படித்துக் காட்டலாம், இன்ன அத்தியாயத்தில் இன்ன அக்கிரமம் என்று சந்தியில் நின்று சொல்லலாம், கொளுத்தவும் செய்யலாம். இந்தச் சாஸ்திரத்திற்குக் கொளுத்துவதற்குக்கூட ஒரு புத்தகம் இல்லை. ஆகவேதான் இது மனுவைவிடக் கெட்டியானது என்று சொல்லுகின்றோம். எழுதிய அக்கிரமத்தை எதிர்க்கின்றவனுக்கு எதிரி யாரென்று தெரியும். எழுதாத அக்கிரமத்தில், பக்கத்து நாற்காலிக்காரனே காவல்காரனாகவும் கைதியாகவும் இருக்கின்றான்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மையே. 2014-ல் கரோஷியைத் தடுக்க ஒரு சட்டம் செய்தார்கள். 2017-ல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று பிரசாரம் செய்து பார்த்தார்கள்; போனவர்கள் வெகு சிலரே. 2019 முதல், 10 நாளும் அதற்கு மேலும் சம்பள லீவுக்கு உரிமையுள்ளவனை வருஷத்தில் 5 நாளாவது லீவு எடுக்க வைப்பது முதலாளியின் பொறுப்பு என்று சட்டமே போட்டார்கள். தன் உரிமையைத் தானே எடுத்துக்கொள்ள ஒரு மனிதன் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கின்றது! இவற்றாலும், 2020-ல் கொரோனா நோய் வந்து கூட்டங்கள் நின்றதாலும் நிலைமை ஓரளவு மாறியிருக்கின்றது. குடிக்கூட்டத்திற்கு வரமாட்டேன் என்று சொல்லுகின்ற வாலிபர்களும் பெண்களும் பெருகி வருகின்றார்கள். ஆனால் காற்று திரும்பவும் அடிக்காதென்று சொல்ல முடியாது. 2025 அக்டோபரில் ஆளுங்கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அம்மாதமே ஜப்பானின் முதல் பெண் பிரதம மந்திரியான தக்காயிச்சி அம்மையார், வேலைக்கும் வாழ்வுக்கும் சமநிலை என்ற பேச்சையே தாம் விட்டுவிடப் போவதாகவும், வேலை வேலை என்றே உழைக்கப் போவதாகவும் தேர்தலன்றே அறிவித்தார். பெண் பதவிக்கு வருவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆண்கள் செய்த நுகத்தடியைப் பெண் சுமந்து காட்டுவது பெண் விடுதலையாகாது.

தோழர்களே! உழைப்பை நாம் குறை கூறவில்லை. உழைத்து உண்பவனே யோக்கியன் என்பது நமது கொள்கை. ஆனால் உழைப்புக்கு அளவும் கணக்கும் கூலியும் உண்டு. அளவில்லாமல், கணக்கில்லாமல், கூலியில்லாமல் கேட்கப்படுவது உழைப்பல்ல, காணிக்கை. காணிக்கை எந்தச் சாமிக்கு என்றாலும், தட்டைக் கடைசியில் யார் வீட்டுக்கு எடுத்துப் போகின்றார் என்று பார்ப்பதே பகுத்தறிவு.

ஜப்பானியனிடம் கற்றுக்கொள்ள நமக்கு எத்தனையோ உண்டு. ரயிலை நேரத்தில் விடுவதைக் கற்றுக்கொள்வோம். தெருவைச் சுத்தமாக வைப்பதைக் கற்றுக்கொள்வோம். ஆனால் உங்கள் முதலாளியோ மேனேஜரோ, "ஜப்பான்காரன் போல் இரு" என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி வரையில்? மணிக்கு என்ன கூலி? இதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பீர்களா? எழுதிக் கொடுக்கத் துணியாத கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை சுயமரியாதை உள்ள எந்த மனிதனுக்கும் இல்லை. வேலை முடிந்தால் எழுந்து, தலை நிமிர்ந்து, யாரிடமும் மன்னிப்புக் கேளாமல் வீட்டுக்குப் போங்கள். ஒருவன் தனியாக எழுந்தால் அவனைக் காற்று அடித்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து எழுந்தால் காற்றே திசை மாறும். சங்கம் என்பது அதற்காகத்தான் இருக்கின்றது.